விழுந்த வீடும் எரிந்த வீடும்: சான் பிரான்சிஸ்கோ காப்புறுதிப் பிணக்கு, 1906

காப்புறுதியின் உண்மையான இயல்பு, பத்திரம் எழுதப்படும் வேளையிலன்றி, இழப்பீடு கோரப்படும் வேளையிலேயே புலனாகின்றது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகர மக்கள் 1906 ஆம் ஆண்டில் பெற்ற அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

அவ்வாண்டு ஏப்பிரில் 18 ஆந் திகதி அதிகாலை 5.12 மணியளவில் அந்நகரைப் பெரும் புவியதிர்ச்சி தாக்கியது. நிலத்தடி நீர்க்குழாய்கள் உடைந்தமையால், அதனைத் தொடர்ந்து மூண்ட தீயை அடக்க இயலவில்லை. தீப்பரவலைத் தடுக்கும் பொருட்டுக் கட்டடங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டபோது புதிய தீக்களும் தோன்றின. சில நாள்களுள் ஏறத்தாழ 28,000 கட்டடங்கள் அழிந்தன.

வீட்டுரிமையாளர் பலரிடம் இருந்தவை தீக்காப்புறுதிப் பத்திரங்களே. புவியதிர்ச்சியால் விளையும் சேதத்துக்கு அவை பொறுப்பேற்கவில்லை. மேலும், தீயினாலன்றி வேறு காரணத்தால் கட்டடம் வீழ்ந்தால் காப்புறுதி அக்கணமே முடிவுறும் என்ற வாசகமும் பல பத்திரங்களில் இடம்பெற்றிருந்தது. எனவே, தீ அணுகியபோது வீடு நின்றதா, முன்னரே வீழ்ந்துவிட்டதா என்பதே ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தை நிர்ணயிக்கும் வினாவாயிற்று. சாம்பலோ இவ்வினாவுக்கு விடை கூறவில்லை. அதிர்ச்சியாற் சேதமுற்ற தம் வீடுகளுக்குச் சிலர் தாமே தீயிட்டனர் என்று இராணுவ அதிகாரி ஒருவர் அறிவித்தமை, ஒப்பந்தச் சொற்கள் மனிதர் செயலை எத்துணை தூரம் பாதிக்கக்கூடும் என்பதைக் காட்டுகின்றது.

நிறுவனங்களின் போக்கு ஒரே தன்மையதாய் அமையவில்லை. இலண்டன் லொயிட்ஸைச் சேர்ந்த கத்பேட் ஹீத், பத்திர வாசகங்களைப் பொருட்படுத்தாது முழுத் தொகையையும் செலுத்துமாறு பணித்தார் எனக் கூறப்படுகின்றது. வேறு சில நிறுவனங்கள், டொலர் ஒன்றுக்கு எழுபத்தைந்து சதம் என்னும் வீதத்திற் பேரம் பேசின. சில ஐரோப்பிய நிறுவனங்கள் பொறுப்பையே மறுத்தன. இழப்பின் சுமையைத் தாங்கமாட்டாது முறிந்தனவும் உள. எனினும், செலுத்தப்பட்ட மொத்தத் தொகை இருபது கோடி டொலரையும் விஞ்சியது என மதிப்பிடப்படுகின்றது. இதன்பொருட்டு இலண்டனிலிருந்து பெருமளவு பொன் வெளியேறியது. 1907 ஆம் ஆண்டின் அமெரிக்க நிதி நெருக்கடிக்கு இதனையும் ஒரு காரணமாகப் பொருளியல் வரலாற்றாசிரியர் சிலர் கொள்வர்.

நகரத்தின் நிலப் பதிவேடுகளும் தீக்கிரையாயின. ஆதலால், வீட்டையிழந்தோர் அந்நிலம் தமதென்பதையும் நீதிமன்றில் நிறுவுதற்கு 1906 ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் ஒன்று வேண்டப்பட்டது. ஒரே வகை இழப்புக்கு உள்ளானோர், தத்தம் நிறுவனத்தின் மனப்பாங்குக்கேற்ப வெவ்வேறு அளவில் ஈடுபெற்றமை இவ்வரலாற்றின் கசப்பான பகுதியாகும். 1909 ஆம் ஆண்டில் கலிபோர்ணியா மாநிலம் தீக்காப்புறுதிக்குப் பொது வடிவிலான பத்திரமொன்றைச் சட்டத்தால் விதித்தது. பத்திரத்தின் வாசகம் நிறுவனத்தின் விருப்பத்துக்கு மட்டும் உரியதன்று, பொதுநலனுக்கும் உரியது என்னும் கருத்து அதன்வழி வலுப்பெற்றது எனலாம்.