இந்தியக் குற்றவியல் நீதி முறைமையில் பெண்கள்

இந்தியக் குற்றவியல் நீதி முறைமையில் பெண்கள் என்னும் இக்கட்டுரை, இந்தியாவின் காவல் நிலையங்கள், நீதிமன்றங்கள், சிறைகள் ஆகியவற்றில் கைதிகளாகவும் பணியாளர்களாகவும் பெண்கள் பெற்றுள்ள இடத்தை விளக்குகிறது. இவ்விரு நிலைகளும் வெவ்வேறானவையாகத் தோன்றினும் ஒன்றையொன்று சார்ந்தவை. கைது செய்யப்பட்ட பெண்ணைப் பெண்ணே சோதனையிட வேண்டும், பெண் காவலரின் முன்னிலையிலேயே விசாரிக்க வேண்டும், பெண் காப்பாளரே சிறையில் மேற்பார்வையிட வேண்டும் என்று சட்டமும் நீதிமன்றங்களும் கூறுகின்றன. ஆகவே போதிய பெண் பணியாளர் இல்லாத இடங்களில் பெண் கைதிகளின் உரிமைகள் ஏட்டளவிலேயே நின்றுவிடுகின்றன.

வரலாறு

பிரித்தானியர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம், ஆண் கைதிகள் காணவோ பேசவோ இயலாதவாறு பெண் கைதிகளைத் தனிக் கட்டடத்தில் அல்லது அதே கட்டடத்தின் தனிப் பகுதியில் வைக்க வேண்டும் என விதித்தது. அவர்களைச் சோதனையிடும் பணி மேட்ரன் எனப்பட்ட பெண் காப்பாளருக்கு உரியதாக்கப்பட்டது. சிறைப் பணியில் பெண்களுக்குரிய இடத்தைப் பெண் கைதிகளின் தேவையே இவ்வாறு உருவாக்கியது.

விடுதலைப் போராட்டத்தின்போது பல பெண்கள் சிறை சென்றனர். 1930ஆம் ஆண்டு வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் பங்குகொண்ட ருக்மிணி லட்சுமிபதி வேலூர் பெண்கள் சிறையில் அடைக்கப்பட்டார். கடலூர் அஞ்சலையம்மாள் கருவுற்ற நிலையில் வேலூர் சிறையிலிருந்து பரோலில் விடுவிக்கப்பட்டு, மகப்பேற்றுக்குப் பின் மீண்டும் சிறைக்குத் திரும்பினார்.

வழக்கறிஞர்களும் நீதிபதிகளும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்கள் சட்டம் பயின்றிருந்தாலும் வழக்கறிஞராகப் பதிவு செய்ய இயலவில்லை. ரெஜினா குகாவின் விண்ணப்பத்தைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 1916இலும், சுதான்சுபாலா ஹசராவின் விண்ணப்பத்தைப் பாட்னா உயர் நீதிமன்றம் 1921இலும் ஏற்க மறுத்தன. 1923ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பெண் சட்டத் தொழிலர் சட்டம் இத்தடையை நீக்கியது.

திருவிதாங்கூரில் குற்றவியல் வழக்குகளை நடத்திவந்த அன்னா சாண்டி 1937இல் முன்சீப்பாக நியமிக்கப்பட்டு, இந்தியாவின் முதல் பெண் நீதிபதியானார். 1959இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் பொறுப்பேற்றார். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி, 1989இல் பதவியேற்ற பாத்திமா பீவி ஆவார். இவர் பின்னர் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் (1997 - 2001) இருந்தார். உயர் நீதிமன்றம் ஒன்றின் முதல் பெண் தலைமை நீதிபதியாக லீலா சேத் 1991இல் இமாச்சலப் பிரதேசத்தில் பதவியேற்றார்.

காவல்துறையில் பெண்கள்

1972இல் இந்தியக் காவல் பணியில் சேர்ந்த கிரண் பேடி அப்பணியின் முதல் பெண் அதிகாரி ஆவார். தமிழ்நாடு காவல்துறையில் 1973ஆம் ஆண்டு பெண்கள் சேர்க்கப்பட்டனர். அதே ஆண்டில் கேரளத்தின் கோழிக்கோட்டில் நாட்டின் முதல் பெண்கள் காவல் நிலையம் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் தொடங்கப்பட்டது.

1976ஆம் ஆண்டுத் தொகுதியைச் சேர்ந்த திலகவதி, லத்திகா சரண் ஆகியோர் தமிழகப் பிரிவின் முதல் பெண் இந்தியக் காவல் பணி அதிகாரிகள் ஆவர். திலகவதி எழுத்தாளராகவும் அறியப்படுபவர். இவருடைய கல்மரம் என்னும் புதினம் 2005இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. லத்திகா சரண் 2006இல் சென்னை மாநகரக் காவல் ஆணையராகவும், 2010இல் மாநிலக் காவல்துறைத் தலைமை இயக்குநராகவும் பொறுப்பேற்றார்.

காவல் பணியிடங்களில் 33 விழுக்காட்டைப் பெண்களுக்கு ஒதுக்குமாறு நடுவண் அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. எனினும் 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாடு முழுவதும் காவல்துறையில் பெண்களின் பங்கு ஏறத்தாழ 12 விழுக்காடாகவே இருந்தது.

காவலில் பாதுகாப்பு

1972இல் மகாராட்டிரத்தின் காவல் நிலையம் ஒன்றில் பழங்குடிச் சிறுமி ஒருத்தியை வன்புணர்ந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட இரு காவலர்களை உச்ச நீதிமன்றம் 1978இல் விடுவித்தது. இத்தீர்ப்பைக் கண்டித்துச் சட்டப் பேராசிரியர்கள் நால்வர் 1979இல் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினர். நாடெங்கும் எழுந்த போராட்டங்களின் விளைவாக, காவலில் உள்ள பெண்கள் மீதான வன்புணர்வைத் தனிக் குற்றமாக்கும் சட்டத்திருத்தம் 1983இல் நிறைவேறியது.

அதே ஆண்டில் சீலா பார்சே எதிர் மகாராட்டிர மாநிலம் என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதழாளரான சீலா பார்சே பம்பாய் மத்திய சிறையில் 15 பெண் கைதிகளைச் சந்தித்திருந்தார். காவல் நிலையத்தில் தாங்கள் தாக்கப்பட்டதாக அவர்களுள் ஐவர் அவரிடம் கூறினர். அவர் எழுதிய மடலையே நீதிமன்றம் மனுவாக ஏற்றது. பெண்களுக்குத் தனிக் காவல் அறைகள் வேண்டும், அவற்றைப் பெண் காவலர்கள் காக்க வேண்டும், விசாரணை பெண் காவலர் முன்னிலையில் மட்டுமே நடைபெற வேண்டும், ஏழைக் கைதிகளுக்குச் சட்ட உதவி தரப்பட வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது.

2005ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், கதிரவன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் பெண்களைக் கைது செய்வதைத் தடை செய்தது. விதிவிலக்கான சூழலில் பெண் காவல் அதிகாரி எழுத்து வடிவில் அறிக்கை அளித்து, நீதித்துறை நடுவரின் முன் அனுமதி பெற வேண்டும். 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதா இவ்விதியைத் தொடர்கிறது. இது கட்டாய விதியன்று, வழிகாட்டும் தன்மையதே எனச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025இல் கூறியது. எனினும், பின்பற்ற இயலாதபோது அதற்கான காரணத்தை அதிகாரி விளக்க வேண்டும் எனவும் கூறியது.

சிறைகளில் பெண்கள்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் 23,772 பெண்கள் இருந்தனர். இது மொத்தக் கைதிகளில் ஏறத்தாழ 4 விழுக்காடாகும். இவர்களில் மூன்றில் இரு பங்குக்கும் மேற்பட்டோர் தீர்ப்பளிக்கப்படாத விசாரணைக் கைதிகள். பெண் என்பதைக் கருதிப் பிணை வழங்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆயினும் பிணையாள் கிடைக்காமையும் குடும்பத்தாரின் புறக்கணிப்பும் பலரின் விடுதலையைத் தாமதப்படுத்துகின்றன.

தமிழ்நாட்டில் வேலூர், புழல், திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் ஆகிய இடங்களில் பெண்களுக்கான தனிச் சிறைகள் உள்ளன. நாடு முழுவதையும் நோக்கின், பெண் கைதிகளில் பெரும்பான்மையோர் பொதுச் சிறைகளின் பெண்கள் பகுதியிலேயே வைக்கப்படுகின்றனர். எண்ணிக்கையில் குறைவாக இருப்பதால் மகப்பேறு மருத்துவம், தொழிற்பயிற்சி போன்ற வசதிகள் அவர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. பெண் கைதிகளின் நிலையை ஆராய 1986இல் அமைக்கப்பட்ட நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் குழு, பெண்களையும் சிறாரையும் கையாள்வதற்குக் காவல்துறையில் கூடுதலாகப் பெண்களைச் சேர்க்குமாறு பரிந்துரைத்தது.

தாயுடன் வாழும் குழந்தைகள்

2022ஆம் ஆண்டின் இறுதியில் 1,537 பெண் கைதிகளுடன் 1,764 குழந்தைகள் சிறைகளில் வாழ்ந்தனர். இத்தகைய குழந்தைகள் குறித்து ஆர். டி. உபாத்தியாய் எதிர் ஆந்திரப் பிரதேச மாநிலம் என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 ஏப்ரல் 13 அன்று விரிவான நெறிகளை வகுத்தது. அவற்றுள் முதன்மையானவை:

- தாயுடன் உள்ள குழந்தையைக் கைதியாக நடத்தலாகாது.
- உணவு, உடை, மருத்துவம், கல்வி, விளையாட்டு ஆகியவை குழந்தையின் உரிமைகள்.
- குழந்தை ஆறு வயது நிறையும் வரை தாயுடன் இருக்கலாம்.
- இயன்றவரை மகப்பேறு சிறைக்கு வெளியே மருத்துவமனையில் நடைபெற வேண்டும். சிறையில் பிறந்தாலும் பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடமாகச் சிறையைக் குறிப்பிடலாகாது.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010இல் ஏற்றுக்கொண்ட பாங்காக் விதிகளும், தாயுடன் சிறையில் உள்ள குழந்தைகளைக் கைதிகளாக நடத்தலாகாது என்கின்றன.

மதிப்பீடு

பெண் பணியாளரின் எண்ணிக்கையைக் கூட்டுவது மட்டுமே பாதுகாப்புக்குப் போதுமானதன்று. 2017 ஜூன் மாதத்தில் மும்பை பைகுல்லா பெண்கள் சிறையில் கைதி ஒருவர் தாக்கப்பட்டு இறந்தது தொடர்பாகப் பெண் பணியாளர்கள் அறுவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. சட்ட உதவி, நீதிபதிகளின் ஆய்வு, வெளியார் பார்வையிடல் ஆகியன இல்லாவிடில் பெண் காப்பாளரும் அதே அதிகாரத்தின் பகுதியாகிவிடக்கூடும். சீலா பார்சே வழக்கில் வெளியார் ஒருவர் சிறைக்குள் சென்று கைதிகளிடம் பேசியதே மாற்றத்தின் தொடக்கமாக அமைந்தது. அத்தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், மாநகர நீதிபதி ஒருவர், இயன்றவரை பெண் நீதிபதி, முன்னறிவிப்பின்றிக் காவல் அறைகளைப் பார்வையிட வேண்டும் என்றும் பணித்தது.