மலைகள் காத்த நகரும் மலைகள் காக்கும் புகையும்

கண்டியைப் பற்றி எழுத முற்படும்போதெல்லாம் மலைகளிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. 1594இல் தந்துரையிலும் 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயர் தோற்றதற்கும், 1803இல் பிரித்தானியப் படை அழிந்ததற்கும் இம்மலைகளும் காடுகளும் பெருந்துணை புரிந்தன. அகன்ற பாதைகள் அமையக் கண்டி மன்னர்கள் இடங்கொடுக்கவில்லை. முட்கதவிட்ட கடவத்தைகளே நகருக்குக் காவல்.

1815இல் இராச்சியம் வீழ்ந்தது. மதுரை நாயக்கர் உறவுவழி வந்த கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டான். அவன் வெட்டுவித்த வாவி எஞ்சியது. பின்னர் ஆங்கிலேயர் கொழும்பு - கண்டிப் பாதையை அமைத்தனர். 1867இல் புகையிரதமும் வந்தது. பெயரிலேயே புகையைச் சுமந்து வந்த முதல் விருந்தாளி அது.

எழுபதுகளின் இறுதியில் இளம் நிருபராக நான் அங்கு சென்றபோது, காலையில் வாவிக்கரையில் பனிமூட்டம் நிற்கும். 1977இன் திறந்த பொருளாதாரம் வாகனங்களைப் பெருக்கியது. சில ஆண்டுகளில், எங்கள் அலுவலகத்தின் தெருப்பக்க ஜன்னலை ஒரு வாரம் துடைக்காவிட்டால் விரலில் கரி ஒட்டியது.

காரணம் எளிது. ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டி ஒரு கிண்ணத்தின் அடி. இரவில் குளிர்ந்த காற்று ஹந்தானைச் சரிவுகளிலிருந்து இறங்கித் தங்க, மேலுள்ள வெப்பக் காற்று மூடிபோல் அமர்கிறது. பாடசாலை வேன்களும் பஸ்களும் நெரியும் காலைவேளைப் புகை அதனடியில் சிக்குகிறது. கொழும்புக்குக் கடற்காற்று உண்டு, கண்டிக்கு இல்லை. கண்டியின் காற்று கொழும்பினதை விட மோசமாகிறது என்று பேராதனைப் பல்கலைக்கழக இரசாயனவியல் பேராசிரியர் ஒலிவர் இலேபெரும பல காலமாக எச்சரித்தார்.

போருக்கும் இதில் பங்குண்டு. 1998 ஜனவரி 25இல் தலதா மாளிகையில் லொறிக் குண்டு வெடித்தது. அதன்பின் மாளிகை முன்னுள்ள வீதி வாகனங்களுக்கு மூடப்பட, நெரிசல் மற்றைய சில வீதிகளில் குவிந்தது. புனித இடத்தின் பாதுகாப்பா, நகரின் மூச்சா என்ற வாதத்தில் இரு பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதே என் எண்ணம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்பது பிழை. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் தடை செய்யப்பட்டது. 2008இல் இரட்டை வீச்சு முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி நின்றது. அதே ஆண்டில் வாகனப் புகைப் பரிசோதனையும் தொடங்கியது. ஈயம் ஒழிந்தது. ஆனால் டீசலின் நுண்துகள் ஒழியவில்லை. 2021இல் உலக சுகாதார நிறுவனம் அத்துகளுக்கான ஆண்டு வரம்பைக் கன மீற்றருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து வாகனங்கள் ஓய்ந்தபோது, பல ஆண்டுகளாக மங்கித் தெரிந்த மலைவரைகள் தெளிந்து நின்றன. மலைகள் எங்கும் போய்விடவில்லை, நாம்தான் மறைத்திருந்தோம்.

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு செல்பவருக்கு இது பெரிதாகத் தோன்றாது. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் கடலை விற்பவருக்கும், கெட்டம்பே சந்தியில் நாள்முழுதும் கைகாட்டும் பொலிஸ்காரருக்கும், பஸ்ஸுக்காக நிற்கும் பிள்ளைக்கும் வேறு காற்று இல்லை. பகைவரைத் தடுத்த மலைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவற்றுக்குள் எதை அனுமதிப்பது என்று தீர்மானிக்கும் கடவத்தை இன்று நம் கையில் இருக்கிறது.