எதை எண்ணுவது? மைசூர்ப் பட்டு நெசவுத் தளத்தில் செயல்திறன் குறிகாட்டிகளின் தேர்வு

மைசூரு தேவராஜ மொஹல்லாவில் பட்டுச்சேலை எடுக்க வருபவர் துணியைக் கையில் அள்ளி விடுவார். அது விழும் விதத்தைப் பார்ப்பார். முந்தானை ஜரிகையை வெளிச்சத்தில் திருப்புவார். அந்தத் தறி ஒரு ஷிப்டில் எத்தனை மீட்டர் நெய்தது என்று எவரும் கேட்பதில்லை. ஆயினும் எந்த நெசவுத் தளத்திலும் எண்ணுவதற்கு எளிதானது மீட்டர்தான். பலகையில் அது முதலிடம் பிடிப்பதில் வியப்பில்லை. எளிதாக எண்ண முடிவதை விட்டு, இழந்தால் மீட்க முடியாதது எதுவோ அதிலிருந்தே குறிகாட்டிகளின் தேர்வு தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். மைசூர்ப் பட்டு இதற்கு ஏற்ற சான்று.

நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1912-ல், சுவிட்சர்லாந்திலிருந்து வந்த விசைத்தறிகளோடு தொடங்கியது அரசுப் பட்டு நெசவு ஆலை. 1980-ல் கர்நாடகப் பட்டுத் தொழில் கழகத்தின் பொறுப்புக்கு வந்து, இன்று மானந்தவாடி சாலையில் இயங்குகிறது. மைசூர்ப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கழகம் தரும் விவரப்படி ஜரிகையில் 65 விழுக்காடு வெள்ளியும் 0.65 விழுக்காடு தங்கமும் உண்டு. இந்த இரண்டு எண்களே நம் வாதத்தின் அச்சாணி. தறியில் பாழாகும் ஒரு மீட்டரோடு பட்டுப்புழு வளர்த்தவர், நூல் சுற்றியவர், முறுக்கேற்றியவர் உழைப்பும், விலையுயர்ந்த உலோகமும் சேர்ந்தே பாழாகின்றன.

உற்பத்தித் தளங்களுக்கான குறிகாட்டிகளுக்குப் பஞ்சமில்லை. 2014-ல் வெளிவந்த ஐஎஸ்ஓ 22400 தரநிலையின் இரண்டாம் பகுதி மட்டுமே 34 குறிகாட்டிகளை வரையறுக்கிறது. இவற்றுள் அதிகம் புழங்குவது ஜப்பானின் செய்இச்சி நகாஜிமா 1980களில் பரப்பிய ஒட்டுமொத்த இயந்திரத் திறன். இயந்திரம் ஓடிய நேரம், ஓடிய வேகம், தேறிய பொருள் ஆகிய மூன்று விகிதங்களின் பெருக்கற்பலன் அது. 90, 95, 99 விழுக்காடுகளைப் பெருக்கினால் ஏறத்தாழ 85 வரும். உலகத் தரம் என்று பலரும் சொல்லும் 85-இன் பிறப்பிடம் இதுவே. வாகன உதிரிப் பாகங்களைக் கடையும் தளத்தில் இந்த அளவுகோல் மிகுந்த பயன் தருகிறது. ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் வரும் இரும்புத் துண்டில் குறை கண்டால் அதை உருக்கி மீண்டும் எடுக்கலாம். அங்கே பெரிய செலவு இயந்திர நேரம்.

பட்டுத் தறிக்கு அதை அப்படியே கொண்டுவரும்போது என்ன ஆகிறது? கற்பனையாக இரு தறிகளை எடுத்துக்கொள்வோம். முதல் தறி 80 விழுக்காடு நேரம் ஓடுகிறது, 95 விழுக்காடு வேகத்தில். நெய்ததில் 99 விழுக்காடு தேறுகிறது. பலன் 75.2. இரண்டாவது தறி 92 விழுக்காடு நேரம், 96 விழுக்காடு வேகம், தேறுவது 85. பலன் 75.1. பலகையில் இரண்டும் ஒன்று. முதல் தறி இழந்தது ஏறக்குறைய முழுவதும் நேரம். இரண்டாவது தறியோ நெய்ததில் நூற்றுக்குப் பதினைந்து பங்கைப் பட்டோடும் ஜரிகையோடும் இழந்தது. பெருக்கல் நிமிடத்தையும் மீட்டரையும் ஒரே விலைக்கு மதிக்கிறது. பட்டுத் தளத்தில் அவை ஒரே விலை அல்ல.

வாங்க ஆள் காத்திருக்க, சேலை போதாத நிலையில் தறி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் விற்பனை இழப்பே, ஆகவே நேரத்தை முதன்மையாக்குவதே சரி என்று இதற்கு மறுப்பு எழலாம். வலுவான மறுப்புத்தான். எலியாஹு கோல்ட்ராட் 1984-ல் முன்வைத்த நெருக்குப்புள்ளிக் கருத்தும் இதற்குத் துணை நிற்கிறது: மொத்த உற்பத்தியைத் தடுத்து நிற்கும் கட்டத்தில் இழந்த நேரம் ஆலை முழுவதும் இழந்த நேரம். ஆனால் அதே தருக்கத்தை இறுதிவரை கொண்டுசென்றால் அது இரண்டாவது தறிக்கு எதிராகவே முடிகிறது. தேறாத துணியும் தறி நேரத்தைத் தின்றே உருவானது. அங்கே நேரமும் போயிற்று, பொருளும் போயிற்று.

இதைவிடக் கடினமான சிக்கல் ஒன்று உண்டு. மேலாண்மை நூல்கள் இதைக் கவனிப்பது அரிது. மைசூர்ப் பட்டின் கிரேப் சேலையில் குறை எப்போது கண்ணுக்குத் தெரியும்? ஊடை இழைக்கு மிகுந்த முறுக்கு ஏற்றி, வலமுறுக்கும் இடமுறுக்கும் மாறி மாறி நெய்கிறார்கள். நெய்து இறக்கிய துணி விறைப்பாக இருக்கும். பட்டின் மேலுள்ள செரிசின் பசையை நீக்கிய பிறகே அது சுருங்கி, மென்மையும் தொங்கலும் பெறுகிறது. முறுக்கில் இருந்த ஏற்றத்தாழ்வும், ஊடையின் அடர்த்தி மாறிய இடமும் பெரும்பாலும் அப்போதும், சாயம் ஏறிய பிறகும்தான் பட்டைப் பட்டையாக வெளிப்படும். அதற்குள் அதே பாவில் அடுத்தடுத்த சேலைகள் நெய்யப்பட்டிருக்கும். ஆகவே "முதல் முறையிலேயே தேறிய விகிதம்" என்ற குறிகாட்டி, எவ்வளவு நேர்மையாகக் கணக்கிட்டாலும், நெசவாளருக்குக் காலம் கடந்தே போய்ச் சேர்கிறது.

இதனால்தான் அதற்குத் துணையாக, அன்றே கைக்கு எட்டும் ஒரு குறிகாட்டி வேண்டும். ஒரு லட்சம் ஊடைக்கு இழை அறுந்து தறி எத்தனை முறை நின்றது என்ற எண்ணிக்கையை நான் முன்வைக்கிறேன். பாவு அறுந்ததா, ஊடை அறுந்ததா, ஜரிகை அறுந்ததா எனக் காரணம் பிரித்து எழுத வேண்டும். பாவு அடிக்கடி அறுந்தால் நூலையும் பாவு ஓட்டிய விதத்தையும் பார்க்கலாம். ஊடை என்றால் முறுக்கேற்றும் பிரிவுக்குச் சொல்லி அனுப்பலாம். இந்த எண்ணை வைத்து நெசவாளரைத் தண்டிக்கத் தொடங்கினால் அது அன்றோடு செத்துவிடும்: அறுந்தது எழுதப்படாது, முடிச்சு மட்டும் துணிக்குள் இருக்கும். கழகத்தின் சேலைகளில் தனித்தனி அடையாள எண் உண்டு. போலியைத் தடுக்கும் அந்த எண்ணைத் தறி, பாவு, முறுக்குத் தொகுதி ஆகியவற்றோடு இணைத்தால், சாயப் பிரிவில் தெரிந்த குறை பிறந்த இடம் வரை திரும்பிப் போக வழி கிடைக்கும்.

எடைக் கணக்கிலும் எச்சரிக்கை தேவை. பசை நீக்கத்தில் கச்சாப் பட்டு தன் எடையில் ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காடு வரை இழக்கும். இது சேதாரம் அல்ல. பட்டுக்கு ஏற்கப்பட்ட ஈரப்பத அளவு 11 விழுக்காடு. மழைக்காலத்தில் எடுத்த நூலின் எடையைக் கோடையில் இறக்கிய துணியோடு ஒப்பிட்டால் இல்லாத சேதாரம் தோன்றும்; கோடையில் எடுத்த நூலை மழைக்காலத்தில் இறக்கிய துணியோடு ஒப்பிட்டால் இருக்கும் சேதாரம் மறையும். நூல் எடுக்கும் ஆலைகளில் ரெண்டிட்டா என்ற பழைய அளவு உண்டு: ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு எத்தனை கிலோ பட்டுக்கூடு. அருமையான அளவு, எண் குறையக் குறைய நல்லது. ஆனால் அதை மட்டும் துரத்தினால் கூட்டின் உள்ளடுக்கிலுள்ள மெலிந்த இழையையும் இழுத்து எடுக்கத் தூண்டும். ரெண்டிட்டா மேம்படும், நூல் சீர்மை கெடும், அந்தக் கடனைத் தறி அடைக்கும். ஒவ்வொரு சிக்கன எண்ணுக்கும் அருகில் ஒரு தர எண் நிற்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எனவே தளத்தின் பலகையில் மூன்று போதும்: காரணம் பிரித்த அறுப்பு எண்ணிக்கை, சாயத்துக்குப் பின் தேறிய விகிதம், ஈரப்பதம் திருத்திய பட்டு-ஜரிகை இருப்புக் கணக்கு. மீட்டரும் இயந்திரத் திறனும் மேலாளரின் ஏட்டில் இருக்கட்டும்; திட்டமிட அவை தேவை. புதிதாகப் பயிற்சிக்கு வந்தவர் ஓட்டும் தறியின் எண்களைத் தேர்ந்த நெசவாளரின் எண்களோடு ஒரே வரிசையில் எழுதக் கூடாது. அவருடைய சென்ற மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட்டால் போதும்.