மதீனாவின் ஹுஜ்ராக்களும் கெய்ரோவின் முற்றங்களும்



புதிதாக வீடு கட்டுவோர் வரைபடத்தோடு மதரஸாவுக்கு வருவதுண்டு. அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: கழிப்பறை கிப்லாவை நோக்கி அமைந்துவிட்டதா? சிலர் தயங்கித் தயங்கி மனையடி சாஸ்திரத்தைப் பற்றியும் கேட்பார்கள். அதற்கு மார்க்கத்தில் இடமில்லை என்று சொல்லி அனுப்ப ஒரு நிமிடம் போதும். விருந்தினர் வந்து கூடத்தில் அமர்ந்தால் வீட்டுப் பெண்கள் எங்கே இருப்பார்கள், எந்த வழியாக நடப்பார்கள், அவர்களுக்குக் காற்று எங்கிருந்து வரும் என்று வரைபடத்தில் விரல் வைத்து இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. முஸ்லிம்களின் வீட்டு வரலாறு அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

திருக்குர்ஆனின் 49-ஆவது அத்தியாயத்தின் பெயரே ‘அல்ஹுஜுராத்’, அதாவது அறைகள். மதீனாவில் மஸ்ஜிதுந் நபவியை ஒட்டி அண்ணல் நபி (ஸல்) அவர்களின் துணைவியருக்காகக் கட்டப்பட்ட அறைகளையே அது குறிக்கிறது. அவை ஒரே நாளில் எழுந்தவை அல்ல. ஹிஜ்ரத்திற்குப் பின் பள்ளிவாசல் கட்டப்பட்டபோது ஓரிரு அறைகளே இருந்தன. பிறகு தேவைக்கேற்ப ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஒன்பது ஆயின. அவற்றுள் நான்கு பச்சைச் செங்கலால் ஆனவை என்றும், அவற்றின் முன்னால் பேரீச்ச மட்டைகளால் அடைக்கப்பட்ட முன்கட்டு இருந்தது என்றும், மற்ற ஐந்தும் மண் பூசிய மட்டைச் சுவர்களே என்றும் இப்னு ஸஅத் (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். வாசலில் கதவுக்குப் பதிலாக மயிரால் நெய்த திரை தொங்கிற்று. ‘அல்அதபுல் முஃப்ரத்’ நூலில் இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் சேர்த்துள்ள ஓர் அறிவிப்பு அளவையும் தருகிறது: வெளிவாசலிலிருந்து உள்வாசல் வரை ஆறு அல்லது ஏழு முழம், உள்ளறை பத்து முழம். நம் கணக்கில் முன்கட்டு ஒன்பது, பத்து அடி. உள்ளறை பதினைந்து அடி. ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் சிறுவராக இருந்தபோது அந்த அறைகளுக்குள் நுழைந்து கூரையைக் கையால் தொட்டதாகக் கூறியிருக்கிறார்கள்.

முன்கட்டு என்ற அந்த ஒன்பதடியைக் கவனிக்க வேண்டும். தெருவும் இல்லை, அறையும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி. திரையை விலக்கியவுடன் உறங்கும் இடம் கண்ணில் பட்டுவிடாதபடி அது காத்தது.

உள்ளறையின் நெருக்கத்தை அன்னை ஆயிஷா (ரழி) அவர்களே விவரித்திருக்கிறார்கள். இரவில் அவர்கள் படுத்திருக்க, நபி (ஸல்) அவர்கள் அங்கேயே நின்று தொழுவார்கள். ஸஜ்தா செய்ய இடம் போதாமல் மெல்லத் தொட்டு உணர்த்துவார்கள்; அன்னையார் கால்களை மடக்கிக்கொள்வார்கள்; நபியவர்கள் எழுந்ததும் மீண்டும் நீட்டிக்கொள்வார்கள். அந்நாளில் வீடுகளில் விளக்கு இருந்ததில்லை என்றும் அன்னையார் சேர்த்துச் சொல்கிறார்கள். ஒரே அறை படுக்கையறையாகவும் தொழுமிடமாகவும் விருந்தினரை அமர வைக்கும் இடமாகவும் இருந்தது.

அந்த ஒற்றை அறையில்தான் ஒரு நிகழ்ச்சி நடந்தது. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்களின் வலீமா விருந்து. உண்டு முடித்த பின்னும் சிலர் எழாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். எழுந்து போங்கள் என்று சொல்ல நபி (ஸல்) அவர்களுக்கு நாணம். மணப்பெண்ணான அன்னையாரோ அதே அறையில் சுவரை நோக்கி முகத்தைத் திருப்பி அமர்ந்திருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமின் அறிவிப்பு சொல்கிறது. அழைப்பின்றி நுழையக் கூடாது, உண்டதும் கலைந்து செல்ல வேண்டும், துணைவியரிடம் எதையேனும் கேட்பதானால் திரைக்குப் பின்னாலிருந்து கேட்க வேண்டும் என்ற 33:53 வசனம் அப்போதுதான் அருளப்பட்டது. சுவரைப் பார்த்து அமர்ந்திருந்த ஒரு பெண்ணின் சங்கடத்தை அல்லாஹுத் தஆலா வஹீயால் தீர்த்து வைத்தான். அந்த வசனத்தை விளக்கும்போது நாம் திரையைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறோம். எழுந்து போகாத விருந்தினரைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம்.

அனுமதி கேட்டு நுழையும் ஒழுக்கமும் இவ்வாறே கட்டடத்தை மாற்றிற்று. அன்னூர் அத்தியாயத்தின் 27-ஆவது வசனம் ஸலாம் சொல்லி அனுமதி பெறாமல் பிறர் வீட்டில் நுழைவதைத் தடுக்கிறது. 58-ஆவது வசனம் வீட்டுக்குள்ளேயே வருகிறது: ஸுப்ஹுக்கு முன், நண்பகல் ஓய்வில், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று வேளைகளில் வீட்டுப் பணியாளரும் பருவமடையாத பிள்ளைகளும்கூட அனுமதி கேட்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் ஒருவர் வீட்டுக்குச் சென்றால் வாசலுக்கு நேரே நிற்காமல் வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நிற்பார்கள் என்பது அபூதாவூதில் உள்ளது. கதவின் துளை வழியாக எட்டிப் பார்த்த ஒருவரிடம், அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்ற கருத்தை நபியவர்கள் கூறினார்கள். பிள்ளைகளுக்குப் பத்து வயதானால் படுக்கைகளைப் பிரிக்க வேண்டும் என்ற கட்டளையும் சேரும்போது, ஒரு வீட்டுக்கு எத்தனை அறை, எந்த வாசல் எங்கே என்பது ஏறத்தாழ முடிவாகிவிடுகிறது.

ஹுஜ்ராக்கள் நெடுநாள் நிற்கவில்லை. உமய்யா கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக்கின் ஆணைப்படி, பள்ளிவாசலை விரிவாக்குவதற்காக, உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் மதீனாவின் ஆளுநராக இருந்தபோது ஹிஜ்ரி 88-ஆம் ஆண்டளவில் அவை இடிக்கப்பட்டன. மதீனாவாசிகள் அழுதார்கள். அவற்றை அப்படியே விட்டிருந்தால், மக்கள் வந்து பார்த்து, கட்டடப் பெருமையைக் குறைத்துக்கொண்டிருப்பார்களே என்று ஸயீத் இப்னுல் முஸய்யிப் (ரஹ்) வருந்தினார்கள்.

இதற்கு முன்பே இஸ்லாம் எகிப்தை அடைந்திருந்தது. நைல் கரையில் அம்ரு இப்னுல் ஆஸ் (ரழி) அவர்கள் அமைத்த ஃபுஸ்தாத் நகரில், காரிஜா இப்னு ஹுதாஃபா (ரழி) அவர்கள் வீட்டின் மேல் ஒரு மாடியறை எழுப்பினார்கள். செய்தி மதீனாவுக்குப் போயிற்று. கலீஃபா உமர் (ரழி) அவர்கள் ஆளுநருக்கு எழுதிய பதிலை இப்னு அப்தில் ஹகம் பதிவு செய்துள்ளார்: அந்த அறையில் ஒரு கட்டிலைப் போட்டு, நெட்டையும் குட்டையும் அல்லாத ஒருவரை அதன்மேல் நிறுத்திப் பாருங்கள், சாளரம் வழியாக அவரால் வெளியே எட்டிப் பார்க்க முடிந்தால் அதை இடித்துவிடுங்கள். மாடி கட்டாதே என்று கலீஃபா சொல்லவில்லை. சாளரம் இருக்கட்டும், வெளிச்சமும் காற்றும் வரட்டும். அண்டை வீட்டுக்காரரின் முற்றம் மட்டும் கண்ணில் படக் கூடாது. ஒரு கட்டிலையும் ஓர் ஆளையும் கொண்டு அளக்கக்கூடிய இத்தனை எளிய கட்டட விதி வேறெங்கும் என் கண்ணில் பட்டதில்லை.

பின்வந்த ஃபிக்ஹு அறிஞர்கள் இதை விரித்தார்கள். பாங்கு சொல்ல ஏறுபவரின் கண்ணுக்கு வீடுகளின் உட்புறம் தெரியுமானால் அந்த மினாரில் ஏறக் கூடாது என்று கைரவான் நகரின் மாலிகி இமாம் ஸஹ்னூன் (ரஹ்) தீர்ப்பளித்தார்கள். ஹிஜ்ரி 8-ஆம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் வாழ்ந்த இப்னுர் ராமீ ஒரு கொத்தனார். காழிக்குக் கட்டட வழக்குகளில் ஆலோசனை சொல்பவர். பார்வை, புகை, நாற்றம், இரைச்சல் ஆகியவற்றால் அண்டை வீட்டாருக்கு ஏற்படும் தீங்குகளை அவர் தனி நூலாகவே தொகுத்தார். கரண்டி பிடித்த கையே சட்ட நூலும் எழுதியது என்பதை நம் மாணவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வதுண்டு.

இந்த விதிகள் மண்ணிலும் கல்லிலும் முழுமையாக வடிவெடுத்ததைக் காணக் கெய்ரோவின் பழைய வீடுகளுக்குப் போக வேண்டும். அத்தர்புல் அஸ்ஃபர் சந்தில் இன்றும் நிற்கும் ‘பைத்துஸ் ஸுஹைமி’ 1648-இல் கட்டத் தொடங்கி 1796-இல் விரிவாக்கப்பட்டது. தெருக்கதவைத் திறந்தால் எதிரே சுவர். நடை ஒருமுறை திரும்பிய பிறகே முற்றம். கதவு திறந்தே கிடந்தாலும் தெருவில் போகிறவருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. மதீனாவின் முன்கட்டு இங்கே கோணவழியாக வளர்ந்திருக்கிறது.

முற்றம் வீட்டின் நுரையீரல். பாலைவன இரவில் குளிர்ந்த காற்று கீழிறங்கி முற்றத்தில் தங்கும். சுற்றிலும் உயர்ந்த சுவர்களின் நிழல் இருப்பதால் முற்பகல் வரை அது கலையாது. ‘காஆ’ எனப்படும் பெரிய அறையின் நடுப்பகுதி தாழ்ந்தும் அதன் கூரை மிக உயர்ந்தும் இருக்கும். சூடேறிய காற்று மேலே ஏறி உச்சிச் சாளரங்கள் வழியே வெளியேறும். பல வீடுகளில் வடக்கு நோக்கிய ‘மல்கஃப்’ என்ற காற்றுப்பிடி கூரைமேல் நின்று குளிர்காற்றைப் பிடித்து உள்ளே இறக்கும். முற்றத்துக்கும் பின்தோட்டத்துக்கும் நடுவே கூரையிட்ட ‘தக்தபூஷ்’ என்ற திண்ணை இருக்கும். தோட்டத்தில் வெயிலால் காற்று சூடாகி எழ, நிழல் முற்றத்தின் குளிர்காற்று அந்தத் திண்ணை வழியாக அதை நோக்கி ஓடும். மின்விசிறி இல்லாத காலத்தில் இடைவிடாத காற்று!

மாடியில் மஷ்ரபிய்யா: கடைந்தெடுத்த சிறு மரத்துண்டுகளைக் கோத்துச் செய்த சாளரம். குடிப்பது என்ற பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். தண்ணீர்க் குடங்களை அங்கே வைத்துக் குளிரச் செய்வார்கள். கண்மட்டத்தில் துளைகள் நெருக்கமாகவும் மேலே அகலமாகவும் இருக்கும். கூசும் வெயில் மட்டுப்படும், காற்று தடையின்றி வரும். உள்ளே இருப்பவர் வெளியைப் பார்க்கலாம். வெளியே இருப்பவர் உள்ளே பார்க்க முடியாது.

இந்த வீட்டில் விருந்தினருக்குத் தரைத்தளத்துக் காஆவும் திண்ணையும். மாடி குடும்பத்துக்கு. மஷ்ரபிய்யாவின் காற்றும், முற்றத்தையும் தோட்டத்தையும் பார்க்கும் காட்சியும் பெண்களுக்கு. விருந்தினர் கீழே எத்தனை நாழிகை பேசிக்கொண்டிருந்தாலும் மேலே யாரும் சுவரைப் பார்த்து உட்கார வேண்டியதில்லை. பர்தா என்றால் பெண்களை இருட்டறையில் அடைப்பது என்று நினைப்போரும், அப்படியே நடைமுறையில் செய்து வருவோரும் இந்த வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

இது வசதி படைத்தவர் வீடு என்ற மறுப்பு நியாயமானதே. ஆயினும் 1836-இல் வெளியான நூலில் கெய்ரோ வாழ்க்கையை விவரித்த எட்வர்ட் லேன், கடைகளின் மேல் எழுந்த ‘ரப்உ’ எனப்படும் அடுக்குக் குடியிருப்புகளையும் குறிப்பிடுகிறார். பல குடும்பங்களுக்குப் பொதுவான ஒரே வாசலும் படிக்கட்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓரிரு இருப்பறைகள், உறங்கும் இடம், சமையலிடம், கழிப்பிடம். நம்முடைய அடுக்குமாடி வீட்டின் மூத்த உறவு அது. படுக்கையறை என்று கட்டில் போட்டு ஓர் அறையை ஒதுக்கும் வழக்கம் அங்கே இல்லை என்றும், பகலில் படுக்கையைச் சுருட்டி ஓரமாகவோ பக்கத்துச் சிற்றறையிலோ வைத்துவிடுவார்கள் என்றும் அவர் எழுதியுள்ளார். படுக்கை எழுந்ததும் அறை வேறு பயனுக்குத் திரும்பும். ஆணுக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, நான்காவது ஷைத்தானுக்கு என்ற ஸஹீஹ் முஸ்லிமின் நபிமொழிக் கருத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இன்று பத்துக்குப் பத்து அறையில் ஆறடிக் கட்டிலைப் போட்டுவிட்டு, தொழ இடமில்லை என்கிறோம்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கதீவ் இஸ்மாயீல் பாரிஸைப் பார்த்துக் கெய்ரோவில் புதிய பகுதிகளை எழுப்பினார். அகலத் தெருக்கள், தெருவை நோக்கிய சன்னல்கள். முற்றம் செல்வாக்கிழந்தது. 1940-களில் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹீ லக்ஸர் அருகே ‘புதிய குர்னா’ கிராமத்தில் ஏழைகளுக்காகப் பச்சைச் செங்கல்லில் முற்றமும் காற்றுவழியும் கொண்ட வீடுகளைக் கட்டினார். அங்கே குடியேற வேண்டிய மக்களோ பெரும்பாலும் மறுத்துவிட்டார்கள். பழைய வாழ்விடத்தையும் அதைச் சார்ந்த பிழைப்பையும் விட்டுவர அவர்களுக்கு மனமில்லை. நல்ல வரைபடம் மட்டும் போதாது என்பதை அவரே பின்னர் நூலாக எழுதினார்.

நம்மிடமும் இதற்கு இணையான அறிவு இருந்தது. காயல்பட்டினத்தில் வீடுகளுக்கு இடையே பெண்கள் புழங்குவதற்கென்று விடப்பட்ட முடுக்குகளை அறியாதவர் நம்மில் குறைவு. தெருவில் ஆண்கள் நடமாடும் வேளையிலும் பெண்கள் முடுக்கு வழியாக உறவினர் வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் தாராளமாகப் போய் வரலாம். இன்று நிலத்தின் விலை ஏற ஏற, முதலில் சுருங்குவது இத்தகைய இடங்கள்தாம்.

இப்போது கட்டப்படும் பெரும்பாலான வீடுகளில் கதவைத் திறந்தால் நேரே கூடம். கூடத்திலிருந்து சமையலறையும் குளியலறைக் கதவும் தெரியும். பெரிய சன்னல் கூடத்துக்கு. சமையலறைக்குச் சிறு துவாரம். விருந்தினர் வந்தால் உம்மாவும் மகளும் அடுப்பு வெக்கையில் நிற்கிறார்கள். ஒளுச் செய்யக் குளியலறைக்குப் போவதானால் கூடத்தைக் கடக்க வேண்டும். அன்னை ஸைனப் (ரழி) அவர்கள் ஒரு மாலை அனுபவித்ததை இவர்கள் வாரந்தோறும் அனுபவிக்கிறார்கள். இதைத் தவிர்க்க மாளிகை வேண்டியதில்லை. வாசற்கதவைக் கூடத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்தி, உள்ளே நான்கடியில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினால் அதுவே முன்கட்டு. குளியலறைக்கு உள்ளறைப் பக்கமாக ஒரு வழி, சமையலறைக்கு எதிரெதிராக இரண்டு சன்னல், மாடியில் உமர் (ரழி) அவர்களின் கட்டில் அளவு. வரைபடம் காகிதத்தில் இருக்கும்போது சன்னலை மூன்றடி தள்ளி வைக்கச் செலவில்லை. கான்கிரீட் இறுகிய பிறகு, பக்கத்து வீட்டாரின் கண்ணுக்கு அஞ்சித் தடித்த திரைச்சீலையைத் தொங்கவிட்டு, வருகிற கொஞ்சம் காற்றையும் நாமே அடைத்துக்கொள்கிறோம்.