வேடம் எங்கே தொடங்குகிறது?

கந்தசஷ்டி நாளொன்றில் அட்லிஸ்வில் சிவசுப்பிரமணியர் கோயிலுக்குப் போய்விட்டு, எஸ் 4 ரயிலில் சூரிச்சுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே இரண்டு பெடியன்கள். நெற்றியில் திருநீறு, பேச்சு பாதி சுவிஸ் ஜெர்மன், பாதி தமிழ். ஏதோ ஒரு வீடியோ கேமைப் பற்றி வாதம். "வெட்டிக் கொத்தி லெவல் ஏறுறதுதானே அதில இருக்கு. அது ஆர்பிஜி இல்லை" என்றான் ஒருவன். "லெவல் இருந்தா ஆர்பிஜிதான்" என்றான் மற்றவன்.

ஆர்பிஜி என்றால் ரோல் பிளேயிங் கேம், வேடமேற்று ஆடும் விளையாட்டு. எது உண்மையான ஆர்பிஜி என்ற இந்த வழக்கு அவர்களின் வயதைவிட மூத்தது.

1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. ஆக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். அதற்கு முன் மேசையில் போர் விளையாடியவர்கள் முழுப் படைகளை நகர்த்தினார்கள். இங்கே ஆளுக்கு ஒரு பாத்திரம். மூன்று பகடைகளை உருட்டி வலிமை, அறிவு, விவேகம் என்று ஆறு குணங்களுக்கு எண் குறித்தார்கள். அனுபவப் புள்ளி சேர்ந்தால் ஒரு படி ஏறலாம். இவற்றோடு மேசையில் ஒரு நடுவரும் இருந்தார். "நான் காவலனோடு சண்டை பிடிக்கவில்லை, அவனுடைய பிள்ளையின் சுகம் விசாரிக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், விதிப்புத்தகத்தில் இல்லாத அந்தச் செயலுக்கும் நடுவர் பதில் சொல்லியாக வேண்டும்.

1975 அளவிலேயே இலினோய் பல்கலைக்கழகத்தில் உருவான பிளேட்டோ கணினித் தொகுதியில் சிலர் இதை எழுதிப் பார்த்தார்கள். கணினிக்குக் கணக்கு வரும், மனிதர் பேச்சைக் கேட்க வராது. ஆகவே பகடையும் படிகளும் திரைக்கு ஏறின, நடுவர் மேசையிலேயே தங்கிவிட்டார். 1981இல் வந்த 'விஸர்ட்ரி', 'அல்டிமா' இரண்டும் இந்த வழியைப் பரவலாக்கின. பெடியன்களின் குழப்பத்துக்கு வேர் இதுதான். எண்தான் அடையாளம் என்றால் இன்றைய உதைபந்தாட்ட கேம்களிலும் வீரர்களுக்கு எண் உண்டு. வேடம் மட்டும் போதுமென்றால் மாரியோவும் வேடம்தான்.

1985இல் ரிச்சர்ட் கேரியட் 'அல்டிமா 4'ஐ வெளியிட்டார். அதில் கடைசியில் கொல்வதற்கு ஒரு வில்லன் இல்லை. நேர்மை, கருணை, பணிவு முதலான எட்டு அறங்களில் தேறுவதே இலக்கு. கண்பார்வையற்ற ஒருவரிடம் மந்திர மூலிகை வாங்கும்போது காசை எண்ணிக் கொடுப்பது நாங்கள். குறைத்துக் கொடுத்தாலும் சரக்கு கிடைக்கும். ஆனால் கேம் அதைச் சத்தமில்லாமல் குறித்துக்கொள்ளும், நேர்மை இறங்கும். நடுவர் திரைக்குள் வந்துவிட்டார். 2019இல் வந்த 'டிஸ்கோ எலிசியம்' தனிச் சண்டை முறையையே விட்டுவிட்டது. பேச்சும் தயக்கமும் தோல்வியுமே அதன் ஆட்டம். அந்த ஆண்டு 'த கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த ஆர்பிஜி விருது அதற்கே கிடைத்தது.

அப்படியானால் 1986இன் 'டிராகன் குவெஸ்ட்' போல, கதையின் வழி பெரும்பாலும் முன்பே எழுதப்பட்ட ஜப்பானிய ஆர்பிஜிகளைத் தள்ளிவிடுவதா? கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதில் அவசரம் இராது. கர்ணன் விழுவான் என்று தெரிந்துகொண்டுதான் சபை விடியும்வரை இருக்கிறது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 'இராவணேசன்' கூத்தை மேடையேற்றியபோதும் இராவணன் கடைசியில் வீழ்ந்தான். ஆனால் மானமுள்ள வீரனாக நின்று வீழ்ந்தான். முடிவு பழையது, நின்ற விதம் புதியது. கூத்தில் அந்த விதத்தைத் தெரிகிறவர்கள் அண்ணாவியாரும் கூத்தரும். ஆர்பிஜியில் அந்தத் தெரிவு கொஞ்சமாவது ஆடுகிறவரின் கையில் இருக்க வேண்டும். அவர் தெரிந்ததை அந்த உலகம் மறக்காமல் வைத்திருந்து அவரிடமே கணக்குக் கேட்கவும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் எத்தனை லெவல் ஏறினாலும் அது வெறும் ஏணி.

இது எங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. இந்த நாட்டுக்கு அகதியாக வந்தவர்கள் என், எஃப், பி, சி என்று விசா எழுத்துகளில் படிப்படியாக ஏறியவர்கள். பிள்ளைகளுக்கு நாங்கள் சொன்ன கதையும் பெரும்பாலும் அந்த ஏணிக் கதைதான்: எந்த ஆண்டு எந்த எழுத்து, பிறகு கடவுச்சீட்டு. உணவகத்தில் கோப்பை கழுவிய காலத்தில் யாருக்குக் கடன் கொடுத்தோம், ஊரில் யாரை விட்டுவிட்டு வந்தோம், எந்த இடத்தில் பொய் சொன்னோம், எந்த இடத்தில் மறுத்தோம் என்பதைச் சொல்லவில்லை. எங்கள் தெரிவுகள் அங்கேதான் இருந்தன.

அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. சூரிச் வந்ததும் அவர்கள் வாதாடியபடியே இறங்கிப் போனார்கள். அடுத்த சஷ்டிக்குக் கண்டால், முதலாவது பெடியன் சொன்னதுதான் சரி என்பேன். நேரமிருந்தால் என் கதையையும் கேட்கச் சொல்வேன், எழுத்துகளை விட்டுவிட்டு.