75 கிலோ மூட்டையும் நம் முதுகும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் நெல்லுக்கு விலை பேசுவது 75 கிலோ மூட்டைக் கணக்கில். அதைத் தூக்குகிற முதுகு, நான் பார்த்த கமிட்டிகளில், பலநேரம் நம் சேரியிலிருந்து வந்த முதுகு.

தொழிலுக்குள் ஒரு படிப்பு உண்டு. குனிஞ்சு தூக்காதே, முழங்காலை மடக்கு. மூட்டை உடம்போடு ஒட்டியிருக்கணும். பாரத்தோடு இடுப்பைத் திருகாதே, காலை மாத்தி வை. தலைக்குச் சும்மாடு. இத்தனையும் தெரிந்தவர்களுக்கும் நாற்பது வயதில் இடுப்பு போகிறதென்றால் குற்றம் உடம்பில் இல்லை, எடையில்.

1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, காயப்படுத்தும் பாரத்தைத் தூக்க வைக்கக்கூடாது என்றது. அது ஆலை வாசலோடு நின்றுவிட்டது. 1967இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஆண் தொழிலாளிக்கு 55 கிலோவே உச்சம் என்று பரிந்துரைத்தது. கூடவே வந்த 127ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்றது 2010இல். நாற்பத்து மூன்று வருஷம்! இடையில், 1982இல், தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. மூட்டை இளைக்கவில்லை.

மிச்சமுள்ள 20 கிலோவை எந்த உடற்பயிற்சியும் குறைக்காது. சிமெண்டு 50 கிலோ பையில் வருகிறதே, நெல்லுக்கு மட்டும் ஏன் முடியாது? கூலி பேசும்போது எடையையும் பேசுவோம்.