வெந்நீரும் வேளையும்



எங்கள் எட்டயபுரத்துக் கரிசல் மண்ணில் விறகு அருமையான பொருள். நான் சிறுவனாயிருந்த நாளில், பருத்தி எடுத்து முடிந்ததும் செடிகளைப் பிடுங்கிக் கட்டி வீட்டின் பின்புறம் அடுக்குவார்கள். அந்தப் பருத்திமாரே வெந்நீர் அடுப்புக்கு எரிபொருள். தந்தையார் ஆறு மணிக்கு நீராடுவாரெனில், அன்னையார் ஐந்தரை மணிக்கு முன் தீ மூட்டமாட்டார். தண்ணீர் பதத்துக்கு வந்ததும் தீயைத் தணித்துவிடுவார். எரிவது எவ்வளவு, எஞ்சுவது எவ்வளவு என்பது அவர் கண்ணெதிரே இருந்தது.

தீயை அளவறிந்து ஆள்வது எப்படி என்னும் கேள்வி உலகிற்கும் பழையதே. பதினேழாம் நூற்றாண்டில் கார்னெலிஸ் டிரெபெல் என்னும் டச்சு அறிஞர், வெப்பம் மிகுந்தால் தானே காற்று வழியை அடைத்துக்கொள்ளும் உலை ஒன்றை அமைத்தார். 1830ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு ஆண்ட்ரூ யூர், சூட்டினால் வளையும் ஈருலோகப் பட்டையைக் கொண்டு ஒரு கருவி செய்து, 'தெர்மோஸ்டாட்' என்று பெயரிட்டார். வெப்பத்தை நிலைநிறுத்துவது என்பது அதன் பொருள்.

அடுத்து வந்தவர் எம் இனத்தவர். ஆம், ஓர் ஆசிரியர்! அமெரிக்காவின் வைட்வாட்டர் நகர ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வாரன் ஜான்சன் பாடம் நடத்திவந்தார். அறை சூடாக உள்ளதா, குளிர்கிறதா என்று பார்க்கப் பணியாளர் அடிக்கடி வகுப்பினுள் நுழைவார், பாடம் தடைப்படும். அத்தொல்லையைத் தீர்க்க ஜான்சன் ஒரு மின்கருவி அமைத்து, 1883இல் காப்புரிமை பெற்றார். அறையின் வெப்பம் மாறியவுடன் கீழ்த்தளத்து உலைக்கூடத்தில் மணி ஒலிக்கும். உலைக்காரர் காற்று வழியைச் சரிசெய்வார். அறையின் தேவை அடுப்புக்கு எட்டிற்று!

நம் பக்கம் திரும்புவோம். 1979இல் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கிற்று. அதற்கான நிலக்கரி கப்பலேறித் துறைமுகம் வந்தது. அடுப்பு தொலைவுக்குப் போய்விட்டது; வீட்டில் எஞ்சியது ஒரு பொத்தான் மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத தீயை நாம் மறந்தோம். வெப்பவியல் கற்பித்த நானே என் வீட்டுக் கீசரை இரவும் பகலும் இயங்க விட்டிருந்தேன். விடுமுறைக்கு வந்த பேரன், "தாத்தா, இரவெல்லாம் யார் குளிக்கிறார்கள்?" என்று கேட்டான். விடை சொல்ல நாணினேன்.

கணக்கைப் பாருங்கள். 15 லிட்டர் நீரை 25 பாகை செல்சியசிலிருந்து 60 பாகைக்குச் சூடேற்ற ஏறத்தாழ 0.6 யூனிட் மின்சாரம் போதும். 2 கிலோவாட் கீசருக்கு அது இருபது நிமிடத்திற்கும் குறைந்த வேலை. எஞ்சிய நேரமெல்லாம் தொட்டி வெப்பத்தை இழக்க, கருவி மீண்டும் மீண்டும் அதனை ஈடுசெய்கிறது. யாரும் நீராடாமலே மின்சாரம் கரைகிறது.

இந்நாளைய ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டில் வெப்ப அளவோடு வேளையையும் குறிக்கலாம். பேரன் காலை ஐந்தரைக்கு இயங்கி ஆறு மணிக்கு நிற்கும்படி அமைத்தான். வெளியூர் சென்றாலும் கைபேசி வழியே நிறுத்தலாம். ஓர் எச்சரிக்கை: சிக்கனம் கருதி, தொட்டி நீரை நாட்கணக்கில் வெதுவெதுப்பாகவே வைத்திராதீர்கள், லெஜியோனெல்லா என்னும் நோய்க்கிருமி அதில் பெருகக்கூடும். 60 பாகைக்குச் சூடேற்றி, பிறகு குளிர்ந்த நீர் கலந்து குளிப்பதே முறை. குறைக்க வேண்டியது நேரத்தை.

கருவி வெப்பத்தை அறியும். நம் தேவையை நாம்தான் அதற்குச் சொல்லவேண்டும். அன்னையார் பருத்திமாரை எண்ணி எரித்தார். நாம் எரிப்பது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், எங்கோ எரிகிறது என்பதை மறவாதிருப்போம்.